தூசியில்லாத அறையில் வந்த சூடு

போன மாதம் என் பழைய கம்பெனியின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் ஷாமினி. நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். குரலில் தேன் ஒழுகியது.

"செலின் ஆன்ட்டி, நாங்க இப்ப மெனோபாஸ் வீக் பண்றோம். உங்கள மாதிரி சீனியர் யாராச்சும் வந்து அனுபவத்தப் பேசுனா நல்லா இருக்கும்லா. வர்ற எல்லாருக்கும் குட்டி பேன் ஒன்னு கிப்ட் குடுக்குறோம். பேட்டரி பேன்."

"கிளீன் ரூமுக்குள்ள பேன் கொண்டு போக விடுவாங்களாம்மா?"

"அது வந்து... கேன்டீன்ல யூஸ் பண்ணிக்கலாம் ஆன்ட்டி."

மாதவிலக்கு நிற்கும் வயதில் வரும் உடம்புச் சூடு ஓய்வு நேரம் பார்த்து, கேன்டீனில் வரிசையில் நின்று வருமானால் அது நல்ல ஏற்பாடுதான். என் பேச்சுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். படக்காட்சிக்குப் பிறகு, அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு முன்பு. பத்து நிமிடத்தில் என்னால் முன்னுரையே சொல்லி முடிக்க முடியாது என்று சொல்லி மறுத்துவிட்டேன். ஆனால் நாக்கு நமநமத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த கையோடு பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். ஜார்ஜ் டவுனிலிருந்து விடிவதற்குள் பேக்டரி பஸ் பிடிக்க வேண்டும். பத்து வருடம் நுண்ணோக்கியில் கம்ப்யூட்டர் சில்லுகளில் குறை தேடினேன். அப்புறம் ஒரு வரிசைப் பெண்களுக்குப் பொறுப்பான லைன் லீடர் ஆனேன், நுண்ணோக்கியை மட்டும் விடவில்லை. இடையில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், நாலு முதலாளி மாற்றம். இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பினாங்கில் பாதிப் பெண்களின் கதை இதுதான்.

சொல்ல வேண்டியது கிளீன் ரூமைப் பற்றி. சில்லு செய்யும் அறையில் தூசி இருக்கக் கூடாது. மனிதன் என்பவன் நடமாடும் தூசி என்பதுதான் அங்கே முதல் பாடம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று எங்கள் மாதா கோயில் சாமியாரும் அதைத்தான் சொல்லி நெற்றியில் பூசிவிடுவார். பூசிய சாம்பலைக் கழுவிவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போவோம். பவுடர் கூடாது, கிரீம் கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது. தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்ம வேண்டும்.

உடுத்துவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் முடியை அடக்கும் தலைவலை. பிறகு முகமூடி. அதன்மேல் கண் மட்டும் தெரியும் தலையுறை. பிறகு தரையில் படாமல் காலை விட்டு மேலே ஏற்றும் முழு அங்கி. தலையுறையின் கீழ்ப்பகுதியை அங்கிக்குள் செருகிக் கழுத்துப் பட்டனைப் போட வேண்டும். பிறகு பூட்ஸ், கையுறை. மேலிருந்து கீழேதான் வர வேண்டும். நடுவில் வரிசை தவறினால் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசியில் ஒரு சின்ன அறையில் நின்று கையைத் தூக்கிச் சுற்ற வேண்டும். நாலு பக்கமும் காற்று அடித்து மிச்சத் தூசியைப் பறக்கடிக்கும். உள்ளே போன பிறகு எல்லாரும் ஒரே வெள்ளை. நடையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்போம். கல்யாணச் சேலைக்குக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

இந்த அங்கிக்குள் இருந்தபோதுதான் ஐம்பத்தொரு வயதில் எனக்கு அது வந்தது. முதல் தடவை காய்ச்சல் என்று நினைத்தேன். நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்ற வைத்தது போல இருந்தது. கழுத்து, காது, தலை என்று ஏறியது. தலையுறைக்குள் வியர்வை ஓடியது. நுண்ணோக்கிக் கண்ணாடியில் ஆவி படிந்து சில்லு மறைந்தது. சூடு இறங்கியதும் நனைந்த உள்ளாடையோடு குளிரில் நடுங்கினேன். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. நம் பெண்கள் அதை "நின்னு போச்சு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நின்றது ஒன்று, ஆரம்பித்தது ஒன்பது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு தடவையும் வெளியே ஓடினால் கழற்றி, துடைத்து, திரும்ப உடுத்தி வருவதற்குள் லைன் காத்துக் கிடக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓடுவது? ஒரு நாள் தாங்க முடியாமல் கழுத்துப் பட்டனைத் திறந்து தலையுறையை லேசாகத் தூக்கினேன். இரண்டு மூச்சு விட்டேன். சொர்க்கம். தலைக்குமேல் தூசி எண்ணும் கருவி ஒன்று இருக்கும். அதற்கு என் சொர்க்கம் பிடிக்கவில்லை. சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தியது.

அன்றைக்கே சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன், நான்தான் திறந்தேன், இன்ன காரணம் என்று. அந்தப் பையன் காது சிவக்க, "ஓகே, ஓகே" என்றான். அந்த ஓகே எங்கேயும் போய்ச் சேரவில்லை. மறுபடி கருவி கத்தியது. மறுபடி சொன்னேன். கடைசியில் விஷயம் மேனேஜர் மிஸ்டர் லிம்மிடம் போனது.

மிஸ்டர் லிம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போட்டுப் பேச மாட்டார். யாரையும் திட்ட மாட்டார். கையில் ஒரு பேனா வைத்திருப்பார், அதன் தலையை டிக் டிக் என்று அழுத்திக்கொண்டே இருப்பார். வேகமாக அழுத்தினால் கோபம், மெதுவாக அழுத்தினால் யோசனை. அவருடைய வேதவாக்கு ஒன்றுதான்: "நோ டேட்டா, நோ டாக்." கணக்கு இல்லாமல் என்னிடம் வாயைத் திறக்காதே என்று அர்த்தம். ஆபரேட்டர் ஒருத்தி கர்ப்பமானபோது அவர் அதை "பெர்சனல் மேட்டர்" என்றார். இன்னொருத்திக்குக் கருப்பை எடுத்தபோதும் "பெர்சனல் மேட்டர்" என்றார். ஒருத்தி புருஷனை விட்டு ஓடியபோதும் அதேதான். பெண்கள் சம்பந்தப்பட்ட எதுவும் அவருடைய அகராதியில் அந்த ஒரே பக்கத்தில் இருந்தது.

எங்கள் தொழிலில் எது கெட்டாலும் வெள்ளைப் பலகையில் ஒரு மீன் முள் வரைவோம். தலையில் பிரச்சினையை எழுத வேண்டும். முள்ளுக்கு முள் மனிதன், இயந்திரம், பொருள், முறை, அளவு, சூழல் என்று எழுதி, காரணம் எந்த முள்ளில் தொங்குகிறது என்று தேட வேண்டும். மிஸ்டர் லிம் கூட்டம் போட்டார். இன்ஜினியர்கள் நாலு பேர், நான் ஒருத்தி. மீன் ரெடி. நான் கையைத் தூக்கினேன்.

"மிஸ்டர் லிம், இதுக்கு எதுக்கு மீனு? அது நான்தான். எனக்கு மெனோபாஸ். சூடு வந்தா கழுத்து பட்டன தொறக்குறேன். அதான் மெஷின் கத்துது."

மலாயும் ஆங்கிலமும் கலந்து, யாருக்கும் புரியாமல் போகக் கூடாது என்று தெளிவாகவே சொன்னேன். ஒரு இன்ஜினியர் கூரையைப் பார்த்தான். இன்னொருவன் போனைப் பார்த்தான். மிஸ்டர் லிம் பேனாவை மெதுவாக மூன்று தடவை அழுத்தினார்.

"தேங்க் யூ, செலின். எனி அதர் பாசிபல் காஸ்?"

வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். இல்லாமல் போகுமா, இருந்தது. காற்று வடிகட்டியை மாற்றினார்கள். வடிகட்டி நிரபராதி. எண்ணும் கருவியைச் சோதனைக்கு அனுப்பினார்கள். கருவி யோக்கியம் என்று சான்றிதழோடு திரும்பி வந்தது. கையுறைக் கம்பெனியை மாற்றினார்கள். தரை துடைக்கிற திரவத்தை மாற்றினார்கள். இரவு ஷிப்டு ஆட்கள்மேல் பழி போட்டார்கள். முழுப் பூசணிக்காய் நான் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், நாலு படித்தவர்கள் சேர்ந்து என்மேல் சோறு அள்ளிப் போட்டார்கள். கடைசியில் என்னை அடுத்த லைனுக்கு மாற்றிப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கும் என் பின்னாலேயே வந்தது. இப்போது டேட்டா கிடைத்துவிட்டது அல்லவா? பலகையில் மனிதன் என்ற முள்ளில் ஒருவன் எழுதினான்: "ஆபரேட்டர், வெப்பம்". அடுப்பில் வைத்த பானையைப் பற்றி எழுதியது போல இருந்தது.

மிஸ்டர் லிம் தனியாகக் கூப்பிட்டார். பேக்கிங் பகுதிக்குப் போய்விடு, அங்கே அங்கி இல்லை, உனக்கு வசதி என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். பேக்கிங் என்றால் பெட்டிக்கு டேப் ஒட்டுவது. அங்கே லைன் லீடர் கிடையாது. முப்பது வருடம் நுண்ணோக்கியில் பார்த்து, எந்தக் கீறல் சில்லைக் கொல்லும், எது சும்மா கோடு என்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்த கண் இது. அதை வைத்து டேப் ஒட்டச் சொல்கிறார். அந்த வேலை எனக்கு வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் இல்லை, அந்த அறையில்தான் நான் யார் என்று எனக்குத் தெரியும்.

"அடுத்த தடவ கஸ்டமர் ஆளுங்க வந்து ஆடிட் செக் பண்ற வரைக்கும் டைம் குடுங்க மிஸ்டர் லிம். சரி பண்ணிட்டு வர்றேன். முடியலன்னா நானே பேக்கிங் போறேன்."

பேனா ஒரு தடவை டிக். அது சம்மதம்.

பிறகு ஆரம்பித்தது வைத்தியம். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு நான் அவலாகக் கிடைத்தேன். வெந்தயத்தை ஊற வைத்துக் குடி என்றாள் ஒருத்தி. தினமும் சோயா பால் குடி என்றாள் சீனத் தோழி. மார்க்கெட் ஸ்ட்ரீட் துணிக்கடை அக்கா பருத்தி நைட்டி ஆறு வாங்கினால் சூடு குறையும் என்றார். அதை அவர் துணிக்கடைக்காரராகச் சொன்னாரா, வைத்தியராகச் சொன்னாரா என்பது இன்றுவரை தெரியவில்லை. கோயில் ஜெபக்குழுத் தலைவி இது ஏவாள் செய்த பாவம் என்றார். ஏவாள் அங்கி போட்டுக்கொண்டு ஷிப்டு பார்க்கவில்லை என்று சொன்னேன். வெந்தயம் குடித்தேன், சோயா பால் குடித்தேன், நைட்டியும் வாங்கினேன். சூடு எல்லாவற்றையும் மரியாதையாக ஏற்றுக்கொண்டு வழக்கம் போல வந்து போனது. தூக்கம்தான் போனது போனதுதான்.

ஒருநாள் காலை புதுப் பெண் ஒருத்தி நுண்ணோக்கியில் ஒரு சில்லைக் காட்டி, "அக்கா, இது என்ன டிபெக்ட்?" என்றாள். பார்த்தேன். தெரியும். ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தது. பெயர் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, வாயில் வரவில்லை. உடை மாற்றும் அறைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பயமாக இருந்தது. சூடு போகட்டும், மூளையும் போகிறதோ என்று பயந்தேன். மறுநாள் லீவு போட்டு கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். நான் சொல்லி முடிக்கும்வரை கணினியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அதுவே பாதி வைத்தியம். மறதியும் இதில் சேர்ந்ததுதான், தூக்கமில்லாவிட்டால் யாருக்கும் வரும் என்றார். ரத்த அழுத்தம் பார்த்தார், மார்பகப் படம் எடுக்கச் சொன்னார், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்டார்.

"ரீட்டாவுக்கு இருந்துச்சு டாக்டர். மார்புல. செத்துட்டா."

"ரீட்டா யாரு? உங்க சொந்த அக்கா தங்கச்சியா?"

"இல்ல. வீட்டுக்காரரோட தங்கச்சி."

அப்படியானால் உங்கள் ரத்தக் கணக்கில் அது வராது என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். குறைந்துபோன ஹார்மோனைத் திரும்பக் கொடுக்கலாம். தோலில் பூசும் ஜெல் ஒன்று. கருப்பை இருப்பதால் அதன் உட்சுவரைக் காக்க மாத்திரை ஒன்று. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடும், வருடக்கணக்காகப் போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும், இல்லவே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன் என்றார். உங்கள் வயதுக்கும் உடம்புக்கும் போடலாம், வருடா வருடம் பார்ப்போம், வேண்டாமென்றால் ஹார்மோன் இல்லாத மாத்திரையும் இருக்கிறது, அது இந்த அளவு கேட்காது, வீட்டில் யோசித்து வாருங்கள் என்றார்.

வீட்டில் யோசிப்பது என்றால் சேவியரிடம் சொல்வது. என் வீட்டுக்காரர் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வெல்டர். தினமும் மோட்டார் சைக்கிளைப் பெர்ரிக் கப்பலில் ஏற்றிக் கடல் தாண்டிப் போய் வருவார். நல்ல மனிதர். ராத்திரி நான் போர்வையை உதறி உதறிப் போட்டதில், முகம் கோணாமல் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனவர். ஆனால் இதைச் சொன்னதும் தட்டில் இருந்த கையை எடுத்துவிட்டார்.

"வேணாம். கேன்சர் வரும்."

"டாக்டர் கொஞ்சம்தான்னு சொன்னாங்க."

"ரீட்டாவுக்கும் எல்லாம் கொஞ்சம்தான்னு சொன்னாங்க. செலின், நான் ஒரு சவப்பொட்டிய தூக்கிட்டேன். இன்னொன்ன என்னால தூக்க முடியாது."

ரீட்டா முப்பத்தெட்டு வயதில் போனவள். கட்டி முற்றிய பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. சேவியர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். அவர் பயத்தைக் கேலி செய்ய என்னால் முடியவில்லை. ஆனால் அவர் பயத்துக்காக நான் டேப் ஒட்டப் போக முடியுமா? தூங்காமல், பெயர் மறந்து, பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டே மிச்ச வருடங்களைத் தள்ள முடியுமா? மார்பகப் படம் சுத்தமாக வந்தது. இரண்டு வாரம் யோசித்தேன். பிறகு அவரை எதிரே உட்கார வைத்தேன்.

"நான் போடப் போறேங்க. ஒளிச்சு வச்சுப் போட மாட்டேன். சொல்லிட்டுத்தான் போடுறேன்."

"செய்யி. எங்கிட்ட கேக்காத," என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போனார். ஏற்கெனவே துடைத்த மோட்டார் அது.

இனி அடுத்த கூத்து. கிளீன் ரூமில் தோலில் எதுவும் பூசக் கூடாது என்று மேலே சொன்னேன். என் மருந்தோ பூசும் மருந்து. மிஸ்டர் லிம்மிடம் போய்ச் சொன்னேன். பேனாவை வெகுநேரம் மெதுவாக அழுத்தினார். "இட் இஸ் எ கெமிக்கல்," என்றார். ஆமாம், கெமிக்கல்தான். கெமிக்கல் என்றால் அதற்குரிய பாதுகாப்பு விவரத்தாள் வேண்டும், ரசாயனக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மெனோபாஸ் என்ற வார்த்தையை வாயால் சொல்ல முடியாத மனிதர், என் ஈஸ்ட்ரோஜன் எத்தனை டிகிரியில் தீப்பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். பார்மசியில் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். எரிசாராயம் கலந்த ஜெல், தீப்பிடிக்கும். இதை நான் முன்பே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். மீன் முள்ளில் சரியாகத் தொங்காத என் பிரச்சினை, ரசாயனப் பட்டியலில் அழகாக உட்கார்ந்துவிட்டது. வீட்டில் ராத்திரி பூச வேண்டும், நன்றாகக் காய வேண்டும், துணியால் மூட வேண்டும், கை கழுவ வேண்டும் என்று நிபந்தனை எழுதிக் கையெழுத்துப் போட்டார் மிஸ்டர் லிம். அது டாக்டர் சொன்னதுதான், எழுத்துக்கு எழுத்து. மனிதருக்கு என் உடம்போடு பேசத் தெரியவில்லை, ஒரு டப்பாவோடு பேசத் தெரிந்தது. கிடைத்தது போதும் என்று வாங்கிக்கொண்டேன்.

ஜெல் மாயம் செய்யவில்லை. முதல் சில வாரம் மார்பு கனத்து வலித்தது, தலை வலித்தது. பிறகு சூடு இடைவெளி விட ஆரம்பித்தது. ஒருநாள் காலை அலாரம் அடித்துத்தான் எழுந்தேன், அப்படியென்றால் நான் தூங்கியிருக்கிறேன். ஆடிட் வந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. அறிக்கையில் "வெப்பம், தீர்க்கப்பட்டது" என்று எழுதி மூடினார்கள். நான் என் நுண்ணோக்கியிலேயே இருந்தேன், ஓய்வு பெறும்வரை. ஜெல்லைச் சில வருடம் போட்டு, டாக்டர் சொன்னபடி மெல்ல நிறுத்தினேன்.

இதோடு நிறுத்தினால் ஷாமினியின் படக்காட்சிக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் முதல் வருடச் சோதனையைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிதான் சொன்னவளாவேன்.

அந்த வருடம் மார்பகப் படம் எடுத்து ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இடது பக்கம் ஏதோ தெரிகிறது, வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். சேவியரிடம் சொன்னேன். நான்தான் அப்பவே சொன்னேனே என்பார் என்று காத்திருந்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவரோ லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார்.

ஸ்கேன் முடிந்து முடிவுக்காகக் கூடத்தில் காத்திருந்தோம். மருந்து எடுக்க வந்தவர்கள், பேறுகாலத்துக்கு வந்தவர்கள் என்று இடம் நிறையக் கூட்டம். நானே போட்ட மருந்து, நானே எடுத்த முடிவு. செத்தால் இவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று முட்டாள்தனமாக ஒரு யோசனை ஓடியது.

சேவியர் தரையைப் பார்த்தபடி பேசினார். "ரீட்டா மொதல்ல எங்கிட்டதான் சொன்னா."

"என்னாங்க?"

"மார்புல கட்டி மாதிரி இருக்குண்ணேன்னு சொன்னா. எனக்கு வெக்கமாப் போச்சு. தங்கச்சி அப்படி சொன்னா நான் என்னா கேக்குறது? அம்மாகிட்ட சொல்லுன்னுட்டு மோட்டார எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். அவ அம்மாகிட்ட சொல்லல. அப்புறம் நான் ஒருநாள்கூட கேக்கல, செலின். எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த கேக்கல."

இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. அவர் பயந்தது என் மருந்துக்கு இல்லை.

அப்போது அறைக் கதவு திறந்து நர்ஸ் ஒரு கட்டுக் காகிதத்தோடு வெளியே வந்தாள். எங்களைத் தாண்டிப் போகப் பார்த்தாள். சேவியர் சட்டென்று எழுந்து நின்றார். வெல்டிங் பட்டறையில் பேசிப் பேசிப் பழகிய குரல் அது. கூடம் முழுக்கக் கேட்கும்படி மலாயில் கேட்டார்.

"மிஸ்ஸி! என் பெஞ்சாதி மார்புல ஏதோ இருக்குன்னு சொன்னீங்க. எடது மார்பு. கட்டியா? என்னா அது? சொல்லுங்க!"

எதிரே இருந்த ஆண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். ஆண்களின் வெட்கத்தைப் பார்த்துச் சிரித்தே காலத்தை ஓட்டியவள் நான். எனக்கு முகம் சிவந்து, கைப்பையால் நெஞ்சை மறைத்துக்கொண்டேன்.

நர்ஸ் பயந்துபோய் உள்ளே ஓடி டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் எங்களை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். வெறும் நீர்க்கட்டி, நிறையப் பெண்களுக்கு இருக்கும், ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். நான் பெருமூச்சு விட்டேன். சேவியர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"கேக்குறது இவ்ளோதானா, செலின்?" என்றார். "இவ்ளோதானா?"

அவர் கையை முகத்திலிருந்து எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.